நோயாளியின் ரகசியமும் வக்கீலின் கடமையும்

 

இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், நோயாளியைப் பற்றிய செய்திகளின் அந்தரங்கத்தைக் காப்பதையும், மருத்துவ ஸ்தாபனங்களைச் சட்டத்தின் வரம்புக்குள் நடக்கச் செய்வதையும் தம் தொழிலாகக் கொள்ளும் ஒரு வழக்கறிஞர் என்ன செய்கிறார், என்ன செய்ய வேண்டும் என்பதாகும். நிலத் தகராறும் பாகப் பிரிவினையும் காசோலை வழக்கும் ஜாமீன் மனுவும் நிறைந்து வழியும் நம் நீதிமன்ற வளாகங்களில் இப்படியும் ஒரு தொழில் உண்டா என்று உங்களிற் சிலர் ஐயுறக்கூடும். என்னோடு பழகும் வக்கீல் நண்பர்கள், காபி அருந்தும் வேளையில், "அதிலே கேஸ் ஏதாவது வருகிறதா, சார்?" என்று சற்று இரக்கத்தோடு விசாரிப்பதும் உண்டு. மிக அரிதாகவே வருகிறது என்பதுதான் உண்மை. ஏன் வருவதில்லை? நம் மருத்துவமனைகளில் ரகசியம் கசிவதே இல்லை என்பதனாலா? அன்று, அன்று. ரகசியத்தை இழந்தவன், அதற்குப் பரிகாரம் தேடி நீதிமன்றத்தின் படியேறினால், தன் பெயரையும் தன் நோயையும் மனுவின் முதற் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. எதை ஒருவர் இருவர் அறிந்ததற்காக அவன் மனம் வெந்தானோ, அதைக் கூடத்தில் கூடியிருப்போர் அனைவரும் அறியும்படி தானே கூவ வேண்டியிருக்கிறது. வழக்குத் தொடுப்பதே ரகசியத்தை இரண்டாம் முறை வெளியிடுவதாகிவிடுமாயின், எவன் வழக்குத் தொடுப்பான்? ஆகவே, இத்துறையில் நீதிமன்றங்கள் மௌனமாயிருப்பதைக் கண்டு ஊர் நலமாயிருக்கிறது என்று எண்ணிவிடலாகாது.

இந்த இடரை நம் நீதிபதிகள் அறியாதவர்கள் அல்லர். 1997ஆம் ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு தொழிலாளி வந்து நின்றார். எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தபின் தம்மை வேலைக்கு வைத்துக்கொள்ள மறுத்த பொதுத்துறை நிறுவனத்தின்மேல் அவர் கொடுத்த வழக்கு அது. வேலை செய்யும் உடல் தகுதியுள்ளவரைத் தொற்று ஒன்றையே காரணமாகக் காட்டித் தள்ளிவைத்தல் ஆகாது என்று தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பைப் பலர் போற்றுவர். ஆனால் நான் அதனினும் போற்றுவது, அவ்வழக்கின் தலைப்பில் அவருடைய பெயர் இல்லை என்பதையே. 'எம்.எக்ஸ்.' என்ற இரண்டு எழுத்துக்களே அங்கே நின்றன. அவ்வெழுத்துக்களின் பின்னால் ஒளிந்து நின்று நியாயம் கேட்க நீதிமன்றம் அனுமதித்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், அந்தச் சலுகையைச் சட்டமாகவே எழுதிவைத்தது.

ஆயினும், தீர்ப்பு எவ்வளவு சிறந்ததாயினும், அது ரகசியத்தைத் திருப்பித் தருமா? ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தை மீட்கலாம். கொடுத்த கடனை வட்டியோடு வாங்கலாம். வேலையிலிருந்து நீக்கப்பட்டவனைப் பழைய நாற்காலியிலேயே உட்கார வைக்கலாம். அண்டை வீட்டார் அறிந்துவிட்ட ஒரு நோயின் பெயரை அவர்கள் மனத்திலிருந்து அழிக்கும்படி எந்த நீதிபதி உத்தரவு போட முடியும்? நஷ்டஈடு கிடைக்கலாம், ரகசியம் கிடைக்காது. இதனால்தான், இத்தொழிலில் வக்கீலின் பணி, தீங்கு நேர்ந்தபின் வாதாடுவதில் இல்லை. தீங்கு நேர்வதற்கு முன்னால், எவரும் பார்க்காத இடத்தில், படிவங்களையும் அலமாரிகளையும் மேசைகளையும் சீர்செய்வதிலேயே பெரிதும் அடங்கியிருக்கிறது என்று நான் துணிந்து கூறுகிறேன். இன்று நான் சொல்ல வந்த செய்தியும் இது ஒன்றே.

மருத்துவன் நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது மேனாட்டார் வந்து நமக்குக் கற்பித்த தர்மம் அன்று. சரக சம்ஹிதையில், குருவினிடம் வைத்தியம் பயிலப் புகும் சீடனுக்குச் சொல்லப்படும் உபதேசங்களுள் ஒன்று, நோயாளியின் இல்லத்துக்குள் சென்று கண்ட விஷயங்களை வெளியே சென்று பேசலாகாது என்பது. அந்தக் காலத்தில் அந்த ஓர் உபதேசம் போதுமானதாய் இருந்திருக்கும். வைத்தியர் ஒருவர், நோயாளி ஒருவர், உடன் நிற்பவர் இரண்டொருவர். வைத்தியரின் வாய்க்குப் பூட்டுப் போட்டால் வீட்டுச் செய்தி வீட்டிலேயே தங்கிவிடும்.

இன்றைய நிலை என்ன? கொஞ்சம் கூடவே நடந்து வாருங்கள். வயிற்று வலியோடு ஒரு பெண்மணி நடுத்தரமான ஒரு தனியார் மருத்துவமனைக்குள் நுழைகிறார். முன்மேசையில் இருப்பவர், "பேரென்னம்மா? வயசு? கல்யாணம் ஆயிடுச்சா? என்ன உடம்புக்கு?" என்று உரக்கக் கேட்கிறார், வரிசையில் பின்னால் நிற்பவர்களும் அந்த விடைகளைக் கேட்டுக்கொள்கிறார்கள். ஓ.பி. சீட்டு கைமாறுகிறது. செவிலியர் இரத்த அழுத்தம் பார்க்கும்போது அதைப் படிக்கிறார். பரிசோதனைக் கூடத்தில் ஒருவர், ஸ்கேன் அறையில் ஒருவர், மருந்துக் கடையில் ஒருவர் என்று அது பயணம் போகிறது. அறுவை சிகிச்சை என்று முடிவானதும் கேஸ் ஷீட் பிறக்கிறது. அது படுக்கையின் கால்மாட்டில் தொங்குகிறது. பார்க்க வரும் உறவினர், டாக்டர் வரும்வரை பொழுது போகாமல் அதைப் புரட்டிப் பார்க்கிறார். காப்பீட்டுப் பணத்துக்காக டி.பி.ஏ. என்னும் காப்பீட்டு மேசையில் இருக்கும் இளைஞர், பழைய கருச்சிதைவு முதல் மனச்சோர்வுக்கு உண்ட மாத்திரை வரை எல்லாம் எழுதப்பட்ட பக்கங்களைத் தம் சொந்தக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அந்தப் படங்கள் அவர் தம் குழந்தையின் பிறந்தநாள் படங்களோடு அதே கைப்பேசியில் தங்கிவிடுகின்றன. நோயாளி வீடு திரும்பியபின், கேஸ் ஷீட் பதிவேட்டு அறைக்குப் போய், நாடாவால் கட்டப்பட்டு, எண்ணிடப்பட்டு, அலமாரியில் ஏறுகிறது. அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நிர்வாகியைக் கேட்டால், அவர் மற்றொருவரைக் கேட்கிறார்.

இவர்களில் எவரேனும் தீயவரா? ஒருவரும் இல்லை. எவரேனும் ரகசியத்தை விற்றாரா? இல்லவே இல்லை. எல்லாரும் தத்தம் வேலையைச் சுறுசுறுப்பாகச் செய்தார்கள். ரகசியம் மருத்துவரின் வாய் வழியாக வெளியேறுவது அபூர்வம். அது மேசை வழியாகவும் அலமாரி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் வெளியேறுகிறது. ஆகையால், இத்துறையில் ஈடுபடும் வக்கீல், சட்டப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால், தம் கட்சிக்காரராகிய மருத்துவமனையின் தாழ்வாரங்களில் ஒரு நாள் முழுதும் நடந்து பார்க்க வேண்டும். நடக்காதவர் எழுதிக் கொடுக்கும் ஒழுங்குமுறைக் கையேடு, எவ்வளவு அழகிய ஆங்கிலத்தில் இருந்தாலும், அலமாரியில் இன்னொரு கட்டாகவே சேரும்.

இனி, நம் சென்னையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நாகாலாந்தின் அரசாங்க மருத்துவர் ஒருவர், 1995ஆம் ஆண்டில், நோயுற்ற ஒரு பெரியவருக்குத் துணையாகச் சென்னையிலுள்ள ஒரு மருத்துவமனைக்கு வந்தார். அறுவை சிகிச்சைக்கு இரத்தம் போதவில்லை. அந்த மருத்துவரையும் அவருடைய வாகன ஓட்டியையும் இரத்தம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். அந்த இரத்தத்தைச் சோதித்ததில் எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. அவருக்கு அந்த ஆண்டு டிசம்பர் மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. சோதனையின் முடிவு வெளியே போயிற்று; திருமணம் நின்றது; செய்தி குடும்பத்தாருக்கும் சமூகத்தாருக்கும் பரவிற்று. நாகாலாந்தின் கோஹிமாவில் தலைகாட்ட முடியாமல், அவர் ஊரைவிட்டு வெளியேறினார். எங்கே வந்து குடியேறினார் தெரியுமா? எந்த நகரத்தில் அவர் ரகசியம் பிறந்ததோ, அந்தச் சென்னைக்கே வந்து வேலை தேடிக்கொண்டார்.

அவர் நஷ்டஈடு கேட்டுத் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். சிவில் நீதிமன்றத்துக்குப் போகும்படி சொல்லி ஆணையம் மனுவைத் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1998 செப்டம்பரில் வந்த தீர்ப்பில், அவருக்கு 'எக்ஸ்' என்றும் மருத்துவமனைக்கு 'இசட்' என்றும் பெயர். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமையே என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும் அக்கடமைக்கு விலக்கு உண்டு என்றும், மணக்கவிருந்த பெண்ணின் உயிருக்கும் ஆரோக்கியத்துக்கும் உள்ள உரிமை மேலோங்கி நிற்கும் என்றும் கூறி, அவருடைய வழக்கைத் தள்ளிவிட்டது. அதோடு நில்லாமல், அத்தகையவருக்குத் திருமணம் செய்துகொள்ளும் உரிமையே நிறுத்திவைக்கப்பட்டது போன்ற கடுமையான வாக்கியங்களையும் எழுதியது. அந்த வாக்கியங்கள் அவ்வழக்குக்குத் தேவையற்றவை என்று 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. தெரிய வேண்டியதே, அதில் நீதிபதிகளோடு நான் முரண்படவில்லை. என் அபிப்பிராயத்தில், அந்தத் தீர்ப்பு ஒரு பக்கத்தில் அந்த ஆணையும் மறு பக்கத்தில் அந்தப் பெண்ணையும் வைத்து நிறுத்துப் பார்த்தது. கோஹிமாவின் தெருக்களை நிறுக்கவே இல்லை. அந்த ஒரு பெண்ணுக்குச் சொல்வது வேறு. ஊர் அறிவது வேறு. அவளுக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது, சொல்வதற்கு முன் அவரிடம் என்ன கேட்பது என்று ஒரு முறை இருந்திருந்தால், அந்தப் பெண்ணும் காப்பாற்றப்பட்டிருப்பாள். அவர் தம் ஊரிலேயே வாழ்ந்துமிருப்பார்.

அந்த முறையை எழுத நமக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. நான் முன்னே சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தொற்றுள்ளவரின் வாழ்க்கைத் துணைக்கு அச்செய்தியைச் சொல்லும் அதிகாரம் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மாத்திரமே உண்டு. அவர்களும் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட முடியாது. துணைவருக்குத் தொற்றும் அபாயம் கணிசமாக இருக்கிறது என்று நியாயமாக நம்ப வேண்டும். "நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று நோயாளிக்கு முதலில் ஆலோசனை கூற வேண்டும். அவர் சொல்லப் போவதில்லை என்று தெளிவான பிறகு, "நாங்கள் சொல்லப் போகிறோம்" என்று அவருக்கு அறிவிக்க வேண்டும். அதன்பின், துணைவரை நேரில் வைத்து, ஆறுதலான ஆலோசனையோடு சொல்ல வேண்டும். தொலைபேசியில் அன்று, கடிதத்தில் அன்று, மாமனார் மூலமாகவும் அன்று. இதையல்லவா சட்டம் எழுதும் கலை என்று சொல்ல வேண்டும்! இன்னொன்றும் அதில் இருக்கிறது. நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீதிமன்ற நடவடிக்கைகளின்போது ஒருவருடைய தொற்றைப் பற்றி அறிந்துகொண்டு அதை வெளியிடுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வக்கீல் அறையில் கட்டுகளைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போகும் நம் பழக்கத்தை அந்தப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது.

இனி, நீதிமன்றமே ரகசியத்தைக் கேட்டால் மருத்துவர் என்ன செய்வார்? இதற்கு விடை சொல்ல, 1776ஆம் ஆண்டின் லண்டனுக்குப் போக வேண்டியிருக்கிறது. கிங்ஸ்டன் கோமகள் என்று பெயர் பெற்ற சீமாட்டி ஒருவர், முதற் கணவர் உயிரோடிருக்கையில் இரண்டாம் திருமணம் செய்துகொண்டார் என்று குற்றம் சாட்டப்பட்டுப் பிரபுக்கள் சபையின் முன் விசாரிக்கப்பட்டார். சீசர் ஹாக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் சாட்சிக் கூண்டில் நின்றார். தொழில் முறையில் தமக்குத் தெரிந்த ரகசியத்தைச் சொல்லலாமா என்று அவர் தயங்கினார். மருத்துவர் தாமாக வலிந்து சொன்னால் அது மானக்கேடு, நீதிமன்றம் கேட்டுச் சொன்னால் அதில் குற்றம் எதுவும் இல்லை என்று மான்ஸ்ஃபீல்டு பிரபு அவருக்குப் பதில் அளித்தார். அந்தப் பதில் கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குக் காப்பு அளித்தது. மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான பேச்சுக்கு அளிக்கவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டமும் அந்நிலையை மாற்றவில்லை. திருடன் தன் வக்கீலிடம் சொன்னதற்குப் பாதுகாப்பு உண்டு. நோயாளி தன் வைத்தியரிடம் அழுதுகொண்டே சொன்னதற்கு இல்லை. இதில் நியாயம் என்ன என்று கேட்டால், சட்டம் எழுதியவர்கள் வக்கீல்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால், நீதிமன்றம் கேட்பது வேறு, காக்கிச் சட்டை கேட்பது வேறு. இங்கேதான் நம் மருத்துவமனைகள் தடுமாறுகின்றன. இரவு பத்து மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வருகிறது: "அந்தப் பேஷண்டோட கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புப்பா." இரவுப் பணியிலிருக்கும் இளைஞர் என்ன செய்வார்? அனுப்பிவிடுவார். மறுப்பது சட்ட விரோதம் என்று அவர் நினைக்கிறார். அனுப்புவதுதான் பல சமயங்களில் சட்ட விரோதம் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆவணங்களைக் கேட்கக் காவல் துறைக்கு முறை உண்டு; முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, இன்று புதிய சட்டத்தின் 94ஆம் பிரிவு. எழுத்தில் கேட்க வேண்டும். எந்த வழக்கு, எந்த ஆவணம் என்று குறிப்பிட வேண்டும். என் கட்சிக்காரர்களுக்கு நான் சொல்லும் யோசனை மிக எளியது: இரவுப் பணியாளருக்கு ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வையுங்கள். "கட்டாயம் தருகிறோம் சார், எழுத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள்." பணிவும் இருக்கிறது, மறுப்பும் இல்லை, சட்டமும் காக்கப்படுகிறது.

சட்டமும் சட்டமும் மோதிக்கொள்ளும் இடங்களும் உண்டு. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தாயோடு வந்து கருவைக் கலைக்க வேண்டும் என்கிறாள். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட பிரிவு, அந்தப் பெண்ணின் பெயரை வெளியிடாதே என்று மருத்துவருக்கு ஆணையிடுகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டமோ, பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் விஷயத்தைக் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் மருத்துவருக்கே தண்டனை. சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம்! இந்த இக்கட்டில் நேர்வது என்ன? மருத்துவர் கைவிரித்துவிடுகிறார், தாயும் மகளும் சந்துக்குள் இருக்கும் ஒரு போலி வைத்தியரிடம் போகிறார்கள். 2022 செப்டம்பர் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சை ஒருவாறு அவிழ்த்தது: அந்தப் பெண்ணும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல் துறைக்கு அளிக்கும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிட வேண்டியதில்லை. தகவல் போகும், பெயர் போகாது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்தத் தீர்ப்பு, ஒரு சிற்றூர் மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் பணியாற்றும் டாக்டர் அம்மாவின் மேசைக்கு எப்படிப் போய்ச் சேரும்? யாராவது ஒரு வக்கீல் அதை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதி, அத்துடன் பெயரில்லாத் தகவல் படிவம் ஒன்றையும் இணைத்துக் கொடுத்தாலன்றோ போய்ச் சேரும்?

நண்பர்களே, காவல் துறையையும் நீதிமன்றத்தையும் பற்றிச் சொன்னேன். நம் வீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். நம் நாட்டில் நோயாளியின் ரகசியத்தை முதலில் எடுத்துக்கொள்பவர்கள் அவருடைய சொந்தபந்தங்களே. பரிசோதனை முடிவு வந்ததும் மூத்த மகன் மருத்துவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று, "டாக்டர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்கமாட்டார்" என்கிறார். அத்தைக்குத் தெரியும், சித்தப்பாவுக்குத் தெரியும், பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற ஆசிரியருக்குத் தெரியும். புற்றுநோய் யாருக்கு வந்திருக்கிறதோ அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. அன்பினால் செய்கிறார்கள், மறுக்கவில்லை. நோயாளிக்கு அதிர்ச்சி தரும் முடிவைச் சொல்லாதே என்று சரகரே சொல்லியிருக்கிறார் என்றும் வாதிடலாம். அதே சரகர்தான் வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே என்றவர், அதை மட்டும் நாம் மறந்துவிட்டோம். இன்றைய சட்டமோ ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது: சுயநினைவும் பிராயமும் உள்ளவரின் உடலைப் பற்றிய செய்தியும் அவருடையது, சம்மதமும் அவருடையது. ஒரு பெண் பரிசோதனைக்காக மயக்க நிலையில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு அவருடைய கருப்பையை அகற்றிவிட்ட ஒரு வழக்கில், உடனே செய்தாக வேண்டிய அவசரம் இல்லாதபோது தாயின் சம்மதம் மகளின் சம்மதம் ஆகாது என்று 2008ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்ற தாய்க்கே அந்த அதிகாரம் இல்லையென்றால், மூத்த மகனுக்கு ஏது? அதற்காக மகனை விரட்டிவிட வேண்டும் என்பதில்லை. அனுமதிக்கும் அன்றே நோயாளியிடம், "உங்கள் சிகிச்சை விவரத்தை யாரிடம் சொல்லலாம்?" என்று கேட்டு, அவர் சொல்லும் பெயரை எழுதிக்கொண்டால் போதும். பெரும்பாலும் அவர் மகனின் பெயரையே சொல்வார். சிலர் மகளின் பெயரைச் சொல்வார்கள். ஒரு சிலர், "யாரிடமும் வேண்டாம்" என்பார்கள். அந்த ஒரு சிலருக்காகத்தான் அந்தக் கேள்வி.

மற்றொரு விநோதத்தையும் உங்கள் முன் வைக்கிறேன். சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் மெடிக்கல் கோடிங் என்ற தொழிலில் பல்லாயிரம் இளைஞர்கள் உழைக்கிறார்கள். இந்த அவையிலேயே சிலர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். அமெரிக்காவில் ஒருவர் மருத்துவரைப் பார்த்தால், அந்தக் குறிப்புகளைப் படித்து, காப்பீட்டுக் கணக்குக்கான குறியீட்டு எண்களை இடுவது இவர்கள் வேலை. வேலைக்குள் நுழையுமுன் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மேசைமேல் காகிதமோ பேனாவோ இருக்கக் கூடாது. கணினியில் பென் டிரைவ் செருக முடியாது. யாருக்காக இவ்வளவு காவல்? ஓஹையோவிலோ டெக்சாசிலோ இருக்கும், முகமறியாத ஒருவருடைய முழங்கால் வலிக்காக! 1996ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய ஹிப்பா என்ற சட்டமும், அதன்கீழ் 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அந்தரங்க விதிகளும், ஒப்பந்தங்களின் வழியே பழைய மகாபலிபுரம் சாலை வரை நீண்டு வந்திருக்கின்றன. அங்கே, ஐந்நூறு பேருக்குக் குறையாத நோயாளிகளின் தகவல் கசிந்தால், அறுபது நாட்களுக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும். பத்திரிகைகளுக்கும் சொல்ல வேண்டும். அந்த இளைஞர் பணி முடிந்து வெளியே வந்து, லாக்கரிலிருந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டு, காய்ச்சலுக்காகத் தெருமுனை மருத்துவமனைக்குப் போனால், அவருடைய பரிசோதனை முடிவு மேசைமேல், எல்லாருக்கும் தெரியும்படி, மற்றவர்களுடைய முடிவுகளோடு ஒரு தட்டில் கிடக்கிறது. "உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். நமக்குக் காக்கத் தெரியாது என்று இனி யார் சொல்ல முடியும்? தெரியும், நன்றாகத் தெரியும். அந்நியனுக்காகச் செய்யக் கற்றுக்கொண்டதை நமக்காகச் செய்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டுச் சட்டம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதே ஆண்டின் மனநலச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் புகைப்படத்தையோ விவரத்தையோ அவருடைய சம்மதமின்றிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கலாகாது என்றது. ஆனால் 2020ஆம் ஆண்டில் கொரோனா வந்தபோது என்ன ஆயிற்று? தொற்றுக் கண்ட வீடுகளின் கதவில் அறிவிப்புத் தாள் ஒட்டினார்கள். சில இடங்களில் தகரத்தால் வாசலையே அடைத்தார்கள். தனிமைப்படுத்தப்பட்டவர்களின் பெயரும் முகவரியும் கொண்ட பட்டியல்கள் கைப்பேசிகளில் உலாவின. உரிய அதிகாரியின் உத்தரவின்றி அப்படித் தாள் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த ஆண்டு டிசம்பரில். அதற்குள் தாள்களை மழையே கழுவியிருந்தது. 2022 நவம்பரில், டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளைப் பணம் பறிக்கும் கும்பல் முடக்கியபோது, நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை இரண்டு வாரமளவு பேனாவும் காகிதமுமாக இயங்கிற்று.

அதன்பின் வந்தது 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம்! அந்தத் தொகையைக் கேட்ட மருத்துவமனை முதலாளிகள் பலர் அன்றுதான் வக்கீலின் முகவரியைத் தேடத் தொடங்கினார்கள். 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. பிரதானமான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். இச்சட்டத்தை நான் வரவேற்கிறேன். ஒரு குறையோடு வரவேற்கிறேன். 2011ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்பு விதிகள், மருத்துவக் குறிப்புகளைத் தனிப் பாதுகாப்புக்குரிய தகவல்கள் என்று பிரித்து வைத்திருந்தன. புதிய சட்டத்தில் அந்தப் பிரிவினை இல்லை. ஒருவர் செருப்பு வாங்கிய கடையின் ரசீதும், அவருடைய உயிரணுச் சோதனையின் முடிவும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. இதைச் சட்டமியற்றியவர்கள் எளிமை என்று சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இளம் வக்கீல்களே, தண்டத்தொகைக்கு அஞ்சி வரும் கட்சிக்காரர் உங்களிடம் கேட்பது காகிதம், ஏராளமான காகிதம். சம்மதப் படிவம் எட்டுப் பக்கம், ஆங்கிலத்தில், கடுகுபோன்ற எழுத்தில் வேண்டும் என்பார். அனுமதி மேசையில், வலியால் துடித்துக்கொண்டிருப்பவரின் கையில் பேனாவைக் கொடுத்து, "இங்கே, இங்கே, இங்கே" என்று விரலால் தொட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அது சம்மதமா? சட்டம் கேட்கும் சம்மதம், புரிந்துகொண்டு, நிர்ப்பந்தமின்றி, குறிப்பிட்ட காரியத்துக்காகத் தரப்படுவது. எட்டுப் பக்கத்தை எழுத ஒரு மணி நேரம் போதும். அரைப் பக்கத் தமிழில், ஓர் ஆயாவுக்கும் விளங்கும்படி எழுத மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளுக்குக் கட்டணம் கேட்கத் தயங்காதீர்கள்.

இறுதியாக ஒரு விஷயம். இவ்வளவு நேரம் ரகசியத்தைப் பூட்டுவதைப் பற்றியே பேசினேன். அந்தப் பூட்டை நோயாளிக்கு எதிராகவே போடுகிற வழக்கமும் வளர்ந்து வருகிறது. சிகிச்சையில் பிழை நேர்ந்ததோ என்று ஐயுற்று, தன் கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு ஒருவர் வந்தால், "அது கான்ஃபிடென்ஷியல், தர முடியாது" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். யாரிடமிருந்து ரகசியம்? நோயாளியிடமிருந்தேயா? இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகள் தெளிவாக இருக்கின்றன: உள்நோயாளியின் பதிவுகளை, சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தரங்கத்தின் பேரால் அதை மறுக்கும்படி ஒரு மருத்துவமனை உங்களிடம் கருத்துரை கேட்டால், எழுதிக் கொடுக்காதீர்கள். பதிவேட்டு அறையில் பணியாற்றும் நண்பர்கள், விண்ணப்பம் வந்த தேதியையும் மணியையும் அதன் தலைப்பிலேயே குறித்து, வந்தவருக்கு ஒப்புகைச் சீட்டு ஒன்றும் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் உங்கள் மருத்துவமனையைக் காப்பாற்றுவதும் அந்தச் சீட்டுதான்.